தளத்துக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இணையத்தளத்தை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இணையத்தளம் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்தது. இடப்பெயர்வில் பாடசாலையின் படங்கள், சிறப்பு மலர்கள், சம்பவத்திரட்டு எதுவும் மிஞ்சவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தங்களிடம் இருந்தவற்றை ஸ்கேன் செய்து அனுப்பி, 900 படங்களுக்கு மேல் தளத்தில் சேர்ந்திருக்கின்றன. போன மாதம் கனடாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, கூகுளில் தேடி வந்தால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது என்றார். நான் முகவரியை அடித்துப் பார்த்தால் தளம் ஒழுங்காகத்தான் வருகிறது. தளத்தைத் தன் சேர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் ஏழு நாள் பக்கப் (காப்புப் பிரதி) இருந்தது. அதைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டு நாளில் திரும்பவும் அதே கதை. டொமைனுக்கும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் சுவிஸில் இருக்கும் ஒரு பழைய மாணவர் தன் கார்ட்டில் கட்டுகிறார். இப்போது ஒருவர் மாதக் காசுக்குப் பாதுகாப்புச் சேவை தருவதாகச் சொல்கிறார். அது தேவையா? தானாகவே பக்கப் எடுத்து, தளம் கெடாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி?

பதில்:

வணக்கம் ரீச்சர்.

இப்போதைக்குத் தளத்தில் ஒன்றையும் அழிக்காதீர்கள். முழுவதையும் தூக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம். கிருமி (தீய நிரல்) புகுந்து கெட்டுப்போன தளம்தான், ஆனால் அந்த 900 படங்களும் ஆண்டு போட்டு, ஆட்களின் பெயர் எழுதி, ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது இன்று அங்கே மட்டும்தான். அனுப்பியவர்களின் போனில் இன்னும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வைபரிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்பிய படத்தை நான்கு வருடம் கழித்து எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? போன் மாறியிருக்கும், நம்பர் மாறியிருக்கும். ஆகவே தளம் இருக்கிறபடியே அதன் முழுப் பிரதியை இறக்கி, ‘கிருமியோடு’ என்று பெயரும் திகதியும் போட்டுத் தனியாக வையுங்கள். திருப்பிப் போடுவதற்கு அல்ல. சுத்தம் செய்யும்போது ஏதாவது தவறுதலாக அழிந்தால் அதிலிருந்து எடுப்பதற்கு.

இனி, ஹோஸ்டிங்காரர் போட்ட பக்கப் ஏன் உதவவில்லை என்பதைப் பார்ப்போம். உங்கள் பிரச்சினையின் வேர் அதில்தான் இருக்கிறது.

இந்த வகைக் கிருமி தன்னை மறைப்பதற்கென்றே எழுதப்படுவது. முகவரியை நேரே அடித்து வருபவருக்குத் தளம் சரியாக வரும். நிர்வாகியாக உள்ளே நுழைந்திருப்பவருக்கும் சரியாக வரும். கூகுளில் தேடி வருபவரை மட்டும், சில வேளை போனில் வருபவரை மட்டும், சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். தளத்தை நடத்துபவருக்குத்தான் கடைசியில் தெரியவரும். உங்களுக்குக் கனடாவிலிருந்து ஒருவர் சொல்லித் தெரிய வந்ததும் அப்படித்தான். அதற்குள் எத்தனை கிழமை போயிருக்கும்? ஏழு நாள் பக்கப்பில் ஏழு பிரதி இருந்தது, ஏழிலும் கிருமி இருந்தது. அது உள்ளே வந்த வழியும் அப்படியே திறந்து கிடந்தது. தளம் இரண்டு நாளில் திரும்பவும் கெட்டதில் புதினம் இல்லை.

பக்கப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ‘எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள்’ என்றுதான் கேட்பார்கள். என் தொழிலில் நான் முதலில் கேட்பது, எவ்வளவு பின்னால் போக முடியும் என்பது. தினமும் எடுத்து ஒரு கிழமையில் அழித்துவிடும் ஏற்பாட்டை விட, மாதம் ஒன்று எடுத்து ஒரு வருடம் வைத்திருக்கும் ஏற்பாடு உங்கள் தளத்துக்குப் பிரயோசனம். செய்தித்தளம் என்றால் வேறு கதை. பழைய மாணவர் சங்கத் தளத்தில் ஒரு மாதத்தில் எத்தனை மாற்றம் நடந்துவிடப் போகிறது?

சுத்தம் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் மென்பொருள், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதி தரும் பிளகின் எல்லாம் உலகத்தில் எல்லாருக்கும் கிடைப்பவை, புதிதாக இறக்கிக்கொள்ளலாம். உங்களுக்கு மட்டும் சொந்தமானவை இரண்டுதான்: படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறை, எழுத்துகள் இருக்கும் தரவுத்தளம். வேறோர் இடத்தில் புதிய வேர்ட்பிரஸை நிறுவி, இந்த இரண்டையும் மட்டும் சோதித்துக் கொண்டுவாருங்கள். அப்லோட்ஸுக்குள் படமும் பிடிஎஃபும்தான் இருக்க வேண்டும். பிஎச்பி என்று முடியும் கோப்பு (அது படம் அல்ல, நிரல்) ஏதாவது கண்ணில் பட்டால் அதைப் புதிய தளத்துக்குக் கொண்டுவராதீர்கள். தரவுத்தளத்தில் உங்களுக்குத் தெரியாத நிர்வாகிக் கணக்கு இருக்கிறதா, பதிவுகளுக்குள் ஸ்கிரிப்ட் துண்டுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு எல்லாப் பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான கொன்ஃபிக் கோப்பில் உள்ள இரகசியச் சாவி வரிகளையும் மாற்றினால், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பவர்கள் எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

ஒன்றை மட்டும் வடிவாக விசாரியுங்கள்: தளத்தின் தீம் எங்கிருந்து வந்தது? காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை யாரோ ‘இலவசமாக’ ஸிப் செய்து கொடுத்திருந்தால், கிருமி வந்த வழியை வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. திருட்டுத் தீம்களுக்குள் பின்கதவு (களவாக உள்ளே வரும் வழி) வைத்துத்தான் பெரும்பாலும் பரப்புகிறார்கள். எங்கள் பக்கத்துத் தளங்களில் இதைக் கனக்கக் காண்கிறேன்.

சரி, தானாக எடுப்பதற்கு வருவோம். எங்கள் ஊரில் கரண்ட் நிற்கும், மழைக்கு நெட் போகும், அதனால் தானியங்கி பக்கப் சரிவராது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பக்கப் எடுக்கும் வேலை உங்கள் வீட்டுக் கணினியில் நடப்பதில்லை. தளம் இருக்கும் சேர்வரில் நடக்கிறது. அங்கிருந்து நேரே கூகுள் டிரைவுக்குப் போகிறது. புதுக்குடியிருப்பில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது தன்பாட்டில் நடக்கும்.

அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகினின் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். தரவுத்தளத்துக்கு ஒரு கால அட்டவணை, கோப்புகளுக்கு வேறொரு கால அட்டவணை என்று அதில் பிரித்துப் போடலாம். தரவுத்தளம் சிறியது, அதைத் தினமும் எடுத்து 60 பிரதி வையுங்கள். படங்கள் கனமானவை. 900 படத்துக்கும் சேர்த்து இரண்டு ஜிபி வரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்து ஐந்து பிரதி வைத்தால் பத்து ஜிபி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயிலும் அதற்குள்தான் அடங்கும். ஆகவே உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காமல் சங்கத்தின் பெயரில் புதிய கணக்கு ஒன்றைத் திறவுங்கள். எத்தனை பிரதி வைக்க வேண்டும் என்ற பெட்டியில் ஆரம்பத்தில் இரண்டு என்றுதான் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. மூன்றாவது பிரதி வந்ததும் முதலாவது அழிந்துவிடும். மாற்றாமல் விட்டால் உங்களுக்கு ஏழு நாள் கதைதான் திரும்பவும் நடக்கும்.

சிறிய தளங்களில் மட்டும் வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. வேர்ட்பிரஸிடம் சொந்தமாக மணிக்கூடு கிடையாது. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் ‘செய்ய வேண்டிய வேலை ஏதும் இருக்கிறதா’ என்று அது பார்க்கும். நாளுக்கு ஆயிரம் பேர் வரும் தளத்தில் இது பிரச்சினையே இல்லை. பரிசளிப்பு விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மட்டும் ஆட்கள் வரும் தளத்தில், இரவில் தொடங்க வேண்டிய பக்கப் அடுத்த நாள் பின்னேரம் யாரோ வரும்போதுதான் தொடங்கும். இதற்கு மருந்து ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் இருக்கிறது. நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ‘கிரோன் ஜொப்ஸ்’ பகுதிக்குப் போய், மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேர்ட்பிரஸின் கிரோன் கோப்பைக் கூப்பிடும்படி ஒரு வரி போட்டுவிடுங்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றவும் மறக்க வேண்டாம். அதை விட்டால் உலகப் பொது நேரத்தில் நிற்கும். தளம் இரவு ஒரு மணி என்று காட்டுவது இங்கே காலை ஆறரையாகிவிடும்.

பக்கப் முடிந்ததும் பிளகின் மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் மின்னஞ்சல் வராவிட்டால் பக்கப் நின்றுவிட்டதா, மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் விழுந்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி டிரைவைத் திறந்து இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: கடைசிக் கோப்பின் திகதி, அதன் அளவு. நான்கு எம்பியாக இருந்து வந்த தரவுத்தளக் கோப்பு ஒரு நாள் 40 கேபி என்று நின்றால், அது பாதியில் முறிந்த பக்கப். பெயரும் திகதியும் ஒழுங்காக இருப்பதால் பட்டியலில் பார்க்கும்போது நல்ல பிரதி போலவே தெரியும். அளவைப் பார்த்தால்தான் பிடிபடும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு ஓட்டை மிச்சம். தளத்திலிருந்து டிரைவுக்குக் கோப்பை அனுப்பும் அதே அனுமதியால்தான் பிளகின் பழைய பிரதிகளை அழிக்கவும் செய்கிறது. அப்படியென்றால் தளத்துக்குள் நிர்வாகியாகப் புகுந்தவர் அங்கிருந்தே உங்கள் பக்கப்பையும் அழிக்கலாம். இது கற்பனைப் பயம் அல்ல. 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் (இணையவழிச் சேமிப்பு) மீது, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, இணைப்பில் இருந்த பக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. இணைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, திரும்பி வரவில்லை. அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. பக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

ஆகவே தளத்துக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை டிரைவிலிருந்து அதற்கு இறக்குங்கள். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு இறங்கப் போட்டுவிட்டுப் படுக்கலாம். இரண்டு ஜிபி பகல் டேட்டாவைத் தின்னாது. இறக்கி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசி இடியில் ரவுட்டரும் கணினியும் சேர்ந்து போன வீடுகள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். செருகியபடி கிடக்கும் டிஸ்க்கும் அவற்றோடு போகும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டையும் ஒரே இரவில் பிடித்தது. அதனால் பாடசாலையில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று என்று வைப்பதிலும் பிரயோசனம் குறைவு. இரண்டாவது பிரதி சுவிஸில் இருப்பவரிடம் இருக்கட்டும். அவருக்கு டிரைவைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கணினிக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் எப்போதும் காசுதானே கேட்கிறோம், இது ஒரு மாற்றமாக இருக்கும்.

இந்தப் பக்கப்புக்குள் என்ன இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். உறுப்பினர் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற விபரம் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கும். அப்படிப்பட்ட பட்டியல் யார் கையில் போகிறது என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் அல்ல. 2022 பெப்ரவரியில் அப்டிராஃப்ட்பிளஸிலேயே ஒரு பிழை வெளிவந்தது: தளத்தில் சாதாரணக் கணக்கு வைத்திருந்த எவரும் பக்கப்பை இறக்கிக்கொள்ளக் கூடியதாக இருந்தது. உடனே திருத்தி, தளங்களுக்குக் கட்டாயமாகவே அப்டேட்டை அனுப்பினார்கள். பக்கப் பிளகினுக்கும் அப்டேட் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பென் டிரைவில் போட்டு ஊரெல்லாம் கொண்டு திரியவும் வேண்டாம்.

அடுத்தது, பலரும் செய்யாமல் விடுவது: திருப்பிப் போட்டுப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான பக்கப் ஏற்பாடு வைத்திருந்த நிறுவனம் அது. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்ததால் தப்பினார்கள். கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கு இப்படியென்றால், திருப்பிப் போட்டுப் பார்க்காத பக்கப்பை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது ரீச்சர்: கையில் ஆய்வுகூடம் இருக்கிறது. சாதாரணக் கணினியையே சேர்வர் போல ஆக்கும் எக்ஸாம்ப் மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, பக்கப்பை அதில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நெட் கூடத் தேவையில்லை. உயர்தர ஐசிரியில் வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படிப்பதைக் கண்ணால் காட்டியதாகவும் இருக்கும். அவர்கள் தொடுவதற்கு முன் உறுப்பினர் விபரங்கள் உள்ள அட்டவணைகளை மட்டும் அந்தப் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

திருப்பிப் போட்டதும் முதற்பக்கம் வந்துவிட்டது என்று எழும்பிப் போய்விட வேண்டாம். தமிழ்த் தளங்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. தரவுத்தளத்தை ஏற்றும்போது எழுத்துக் குறியாக்கம் மாறுபட்டால், பக்கம் முழுவதும் கேள்விக்குறிகளாகவோ மேலே குறி போட்ட உரோம எழுத்துகளின் குப்பையாகவோ வரும். படம் சரி, வடிவமைப்பு சரி, தமிழ் மட்டும் இல்லை. கேள்விக்குறியாக மாறிய பிறகு அதிலிருந்து தமிழை மீட்க முடியாது. யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று குறியாக்கத்தைப் பொருத்தி மூலப் பிரதியிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். அடுத்தது கோப்புப் பெயர்கள். ‘உதைபந்தாட்ட அணி 1978’ என்று தமிழிலேயே பெயர் வைத்த படம், ஸிப்பைப் பிரிக்கும்போது வேறு பெயராகிவிடலாம். படம் டிஸ்க்கில் இருக்கும், பக்கத்தில் வராது. இனிமேல் ஏற்றுவதற்காவது ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள், தமிழை விளக்கவரியில் போடுங்கள். பழைய பக்கங்களில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து ஒட்டியவை இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துக் குவியல்தான். கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும்.

மலர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிடிஎஃப் ஆக இருப்பவற்றை, ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கும் கொடுத்து வையுங்கள். அது தளத்துக்கான பக்கப் ஆகாது. ஆனால் மலர் மிஞ்சும்.

மாதக் காசுச் சேவை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் அளவுத் தளத்துக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வேர்ட்பிரஸில் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின், தீம் எல்லாவற்றையும் தானாகவே அப்டேட் ஆகும்படி விடலாம். அதைப் போட்டுவிடுங்கள். பாவிக்காத பிளகின்களை நிறுத்தி வைக்காமல் அழித்துவிடுங்கள். பாதுகாப்புப் பிளகினான வேர்ட்ஃபென்ஸின் இலவசப் பதிப்பைப் போடுங்கள். புதிய பாதுகாப்பு விதிகள் காசு கட்டியவர்களை விட 30 நாள் பிந்தி வரும், பரவாயில்லை. இரட்டை உறுதிப்படுத்தலும் (பாஸ்வேர்டோடு போனில் வரும் குறியீட்டையும் கேட்பது) அதிலேயே இருக்கிறது. சங்கத்தில் செயலாளர் மாறும்போது பழைய செயலாளரின் கணக்கை நீக்குவதும் பாதுகாப்புத்தான், அதற்கு ஒருவரும் காசு கேட்கப் போவதில்லை. அந்தச் சேவைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: ‘மூன்று மாதத்துக்கு முந்தைய பிரதியை எடுத்து, வேறோர் இடத்தில் போட்டுக் காட்டுவீர்களா?’ ஓம் என்று சொல்லிச் செய்து காட்டினால், சங்கத்திடம் காசும் இருந்தால், எடுங்கள். மழுப்பினால் அந்தக் காசுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டொமைன் சுவிஸில் இருப்பவரின் கார்ட்டில் கட்டுப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரின் கார்ட் காலாவதியானால், அல்லது நினைவூட்டல் மின்னஞ்சல் அவர் பார்க்காத பெட்டிக்குப் போனால், எந்தப் பக்கப்பும் உதவாது. கொம், ஓர்க் போன்ற பெயர்கள் காலாவதியாகி, நிறுவனம் தரும் சலுகை நாட்களும் முடிந்த பிறகு, 30 நாள் மீட்புக் காலம் இருக்கும். அதற்குள் மீட்க வழக்கமான கட்டணத்தை விடக் கனக்கக் கேட்பார்கள். அதுவும் தாண்டினால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். சூதாட்டக்காரர்கள் பழைய நல்ல பெயர்களை வாங்கவே காத்திருக்கிறார்கள். டொமைன் கணக்கில் சங்கத்தின் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடியுமென்றால் சில வருடங்களுக்குச் சேர்த்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கிழமை ‘கிருமியோடு’ பிரதியை இறக்குங்கள். டொமைன் எந்த நிறுவனத்தில், எந்தத் திகதி வரை இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். தீம் வந்த வழியும் தெரிந்தால், மூன்றையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். சுத்தம் செய்யும் வேலையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.